லியோ மக்கேர்ணும் றம்போலும்: ஒரு குணசித்திர நடிகரின் மனக்குறை

நடிகர் பற்றி எழுதப்படும் விமர்சனங்கள் பெரும்பாலும் கதாநாயகர் பற்றியனவாகவே அமைந்துவிடுகின்றன. குணசித்திர நடிகர் என்னும் தொடர் நம்மிடையே நெடுங்காலமாக வழங்கிவரினும், எஸ். வி. ரங்காராவ், ரி. எஸ். பாலையா ஆகியோரின் பெயரைச் சொல்லி, நன்றாக நடித்தார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடுவதே வழக்கமாயுள்ளது. அவர்கள் எதனால் நன்றாக நடித்தார்கள் என்று கேட்பவர் அரியர். தொலைக்காட்சியிற் புகழ்பெற்ற குணசித்திர நடிகரின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. அரங்க நடிகரைப் பற்றி எழுதினால் அது கலைவிமர்சனம் எனவும், தொலைக்காட்சி நடிகரைப் பற்றி எழுதினால் அது வாரப் பத்திரிகைச் சமாசாரம் எனவும் கொள்ளும் மனப்பாங்கு பல்கலைக்கழக மட்டத்திலும் உண்டு. தொலைக்காட்சி நடிகர் பலர் தாமும் இம்மதிப்பீட்டையே ஏற்றிருந்தனர் என்பதுதான் விசித்திரம்.

அத்தகையோருள் ஒருவர் லியோ மக்கேர்ண். அவுஸ்திரேலியாவிற் பிறந்து இங்கிலாந்தில் ஏறத்தாழ ஐம்பதாண்டுக் காலம் நடித்த இவர், 2002 யூலை 23 ஆம் நாள் பாத் நகரில் தமது 82 ஆவது வயதிற் காலமானார். தாம் இறந்தால் பத்திரிகைகள் தம்மை றம்போலாகவே அறிவிக்கும் என்று அவர் முன்னரே மனங்கசந்து கூறியிருந்தார். அவ்வாறே நிகழ்ந்தது. ஓல்ட் விக் அரங்கில் இப்சனின் பியர் கின்ற்றாக நின்றவர், சேக்ஸ்பியரின் இயாகோவையும் பென் ஜோன்சனின் வொல்போனியையும் தாங்கியவர், சிறு சுருட்டும் கசங்கிய தொப்பியுமாகத் திரிந்த ஒரு வழக்கறிஞராகவே உலகின் நினைவில் நின்றுவிட்டார். இம்மனக்குறை நியாயமானதா என்பதே நமது வினா. வினா எளிதாகத் தோன்றினும் விடை அத்துணை எளிதன்று என்பதை முன்னரே சொல்லிவிடுகிறோம்.

மக்கேர்ண் 1920 மார்ச் 16 ஆம் நாள் சிட்னியிற் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் றெஜினோல்ட். பொறியியற் றொழில் பழகச் சென்ற இளைஞர் பதினைந்தாம் வயதிலே தொழிற்சாலை விபத்தொன்றில் இடக்கண்ணை இழந்தார். அதன்பின் வாழ்நாள் முழுவதும் கண்ணாடிக் கண்ணுடனேயே இருந்தார். விளம்பர ஓவியராகச் சிலகாலம் பணியாற்றினார். இரண்டாம் உலகப் போரில் அவுஸ்திரேலியப் பொறியியற் படையிற் சேர்ந்திருந்தார். 1944 இல் சிட்னியில் மேடையேறினார். ஈராண்டின் பின், ஜேன் ஹொலண்ட் என்னும் நடிகையை நாடி இங்கிலாந்துக்குக் கப்பலேறினார், அவரையே மணந்தார். கையில் நாடகக் கல்லூரிச் சான்றிதழ் இல்லை, நாவிற் குடியேற்ற நாட்டு உச்சரிப்பு, குட்டையான பருத்த உடல், ஒரு கண். அக்காலத்து இலண்டன் அரங்கு எதிர்பார்த்த இலட்சணங்களில் ஒன்றேனும் இவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை.

இலட்சணமின்மையே அவரைக் குணசித்திர நடிகராக்கியது என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மையே. காதலனாகவோ இளவரசனாகவோ அவரை யாரும் அழைக்கவில்லை என்பது மெய். ஆயின், அழைக்கப்பட்ட வேடங்களை அவர் சிறுவேடங்களாகக் கருதி நடிக்கவில்லை. 1949 முதல் 1952 வரை ஓல்ட் விக் குழுவிலும், அதனையடுத்து ஸ்ட்ரற்போட்டிலுள்ள சேக்ஸ்பியர் நினைவரங்கிலும் பெற்ற பயிற்சியே அவருடைய பல்கலைக்கழகம். இன்று ஒரு வேடம், மறுவாரம் வேறொரு வேடம் என்னும் ஒழுங்கில், நடிகனின் முதற்கடன் தன்னை மாற்றிக்கொள்வதாகும். நேற்றைய முகத்தை இன்றைக்குக் கொண்டுவந்தால் அவன் தோற்றான். மக்கேர்ண் தம் கலையைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் இச்சூழலிலே உருவானது. பிற்காலத்தில் ஒரே முகத்தை ஆண்டாண்டாகத் தாங்க நேர்ந்தபோது அவருக்கு ஏற்பட்ட சங்கடத்தின் வேர் இங்கேயே உள்ளது.

மாற்றிக்கொள்ளும் அவ்வாற்றலுக்குச் சான்றாக ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்வோம். றொபேட் போல்ட் எழுதிய ‘எக்காலத்துக்குமான மனிதன்’ என்னும் நாடகம் 1960 இல் இலண்டனில் மேடையேறியது. எட்டாம் ஹென்றி மன்னனின் விருப்பத்துக்கு இணங்க மறுத்து உயிர்துறந்த தோமஸ் மோர் என்பாரின் கதை அது. மக்கேர்ண் அதிற் ‘பொதுமனிதன்’ என்னும் பாத்திரத்தை ஏற்றார். வேலைக்காரன், படகோட்டி, சத்திரக்காரன், சிறைக்காவலன், யூரித் தலைவன், கடைசியிற் கொலைஞன் என ஒருவனே உடைமாற்றிக்கொண்டு வரும் வேடம் அது. எதிலும் பங்குகொள்வான், எதற்கும் பொறுப்பேற்கமாட்டான். அடுத்த ஆண்டு அந்நாடகம் நியூயோர்க் சென்றபோது மக்கேர்ணுக்கு வேறு வேடம் தரப்பட்டது. மோரைச் சட்டத்தின் கண்ணியிற் சிக்கவைத்து வீழ்த்தும் தோமஸ் குறொம்வெல்லாக அவர் நடித்தார். பிறெட் சின்னமன் 1966 இல் நெறியாள்கை செய்த திரைப்படத்திலும் குறொம்வெல் அவரே. பொதுமனிதன் என்னும் பாத்திரமோ திரைப்படத்தில் இடம்பெறவேயில்லை.

அத்திரைப்படத்தின் நீதிமன்றக் காட்சியை இன்றும் காணலாம். மோராக நடித்த போல் ஸ்கோபீல்ட் நெட்டையர், மெலிந்தவர், அடங்கிய குரலினர். எதிரே மக்கேர்ண் உருண்டு திரண்ட உடலோடு அம்மண்டபத்தில் அங்குமிங்கும் நடக்கிறார். மௌனம் சட்டப்படி சம்மதமாகுமா, மறுப்பாகுமா என்பதே அங்குள்ள பிரச்சினை. குறொம்வெல் தன் வாதத்தை நேரே எதிரியிடம் சொல்வதில்லை. அவையை நோக்கித் திரும்பித் திரும்பிச் சொல்கிறான். அவையைத் தன் பக்கம் இழுக்கும் இந்த உத்தியையே, பன்னிரண்டு ஆண்டுகளின் பின், இதே நடிகர் ஏழையெளிய எதிரிகளுக்காகப் பயன்படுத்தினார். பொய்ச்சாட்சியைக் கொண்டு ஒருவனைக் கொலைக்களத்துக்கு அனுப்பும் வழக்குத்தொடுநராகச் சிறந்து விளங்கியவர், வழக்குத்தொடுநராக எக்காலமும் தோன்றேன் என்று சபதமெடுத்த வழக்கறிஞராகப் புகழ்பெற்றமை தற்செயலாயிருக்கலாம். உடலும் குரலும் ஒன்றே என்பது தற்செயலன்று.

திரைப்படங்கள் பலவற்றில் அவர் தோன்றினார். அவற்றிற் பலவற்றை நாம் விரைந்து கடந்துவிடலாம். பீற்றில்ஸ் குழுவினரின் ‘ஹெல்ப்’ (1965) படத்தில் கீழைத்தேயப் பலிபீடப் பூசாரியாக அவர் செய்த கோமாளித்தனம், அக்காலத்து ஆங்கிலேயர் நமது சமயங்களைப் பற்றிக் கொண்டிருந்த அறியாமையின் பதிவு என்பதற்கு மேல் மதிப்புடையதன்று. டேவிட் லீனின் ‘றையனின் மகள்’ (1970) படத்தில், விடுதலைப் போராளிகளைக் காட்டிக்கொடுத்துவிட்டு மகள் மீது பழிவிழப் பார்த்திருக்கும் மதுச்சாலைக்காரனாக வந்தார். வேடம் வலியது, ஆயின் படம் கடலையும் வானையும் காட்டுவதிற் கொண்ட அக்கறையை மனிதரைக் காட்டுவதிற் கொள்ளவில்லை.

தொலைக்காட்சியில் அவர் செய்தனவற்றுள் றம்போலுக்கு முற்பட்டதும் முக்கியமானதும் ‘கைதி’ என்னும் தொடராகும். 1967 இலும் 1968 இலும் ஒளிபரப்பான இத்தொடரைப் படைத்து முதன்மைப் பாத்திரத்திலும் நடித்தவர் பற்றிக் மக்கூகன். பெயர்கள் பறிக்கப்பட்டு இலக்கங்களால் மட்டுமே மனிதர் அழைக்கப்படும் ஒரு கிராமம். ஆறாம் இலக்கத்தார் அங்குச் சிறைப்பட்டவர். இரண்டாம் இலக்கத்தார் அதன் ஆளுநர். ஆளுநர் வாரந்தோறும் மாறுவார். மக்கேர்ணோ மீள அழைக்கப்பட்டார். ‘முன்னொரு காலத்தில்’ எனும் அத்தியாயம் பெரும்பாலும் ஓர் அடைபட்ட அறையில் இருவர் ஒருவரையொருவர் குடைந்தெடுப்பதாகவே அமைந்தது. விசாரிப்பவன் தந்தையாகவும் ஆசிரியனாகவும் நீதிபதியாகவும் மாறிமாறி வேடமிட்டு, கைதியைக் குழந்தைப் பருவத்திலிருந்து மீண்டும் வளர்த்தெடுத்து உண்மையைக் கறக்க முயல்கிறான். முடிவிற் சிதைபவன் விசாரித்தவனே. படப்பிடிப்பின் கடுமையால் மக்கேர்ணின் உடலும் மனமும் பாதிக்கப்பட்டன எனப் பின்னர் பலவாறாகப் பேசப்பட்டது. அதன் விவரம் எவ்வாறாயினும், தொலைக்காட்சிச் சிறுதிரை மேடைக்குரிய பெருநடிப்பைத் தாங்காது என்று அன்று பரவலாக நம்பப்பட்ட கருத்தை அவ்வொரு மணிநேரம் பொய்ப்பித்தது. அதில் அவர் கத்துகிறார், தவழ்கிறார், கெஞ்சுகிறார். மிகையென்று சொல்ல நமக்கு வாய் வருவதில்லை.

இனி றம்போலுக்கு வருவோம். ஹொறஸ் றம்போலைப் படைத்த ஜோன் மோர்ட்டிமர் (1923 - 2009) எழுத்தாளரும் வழக்கறிஞருமாவார். ‘ஒஸ்’ சஞ்சிகை மீது 1971 இல் தொடரப்பட்ட ஆபாச வழக்கில் எதிரிகள் சார்பில் தோன்றியவர். கண்பார்வையிழந்த பின்னரும் நீதிமன்று சென்று வாதாடிய தந்தையின் சாயல் றம்போலிடம் உண்டு. முதல் நாடகம் பீ.பீ.சீ.யின் ‘இன்றைய நாடகம்’ வரிசையில் 1975 டிசெம்பரில் ஒளிபரப்பாயிற்று. தயாரிப்பாளர் ஐறீன் சுபிக் அதனைத் தொடராக்க விரும்பினார், பீ.பீ.சீ. தாமதித்தது, அவர் தேம்ஸ் தொலைக்காட்சிக்குச் சென்று அங்கே அதனைத் தொடங்கினார். 1978 முதல் 1992 வரை, இடையிடையே நீண்ட ஓய்வுகளுடன், ஏழு தொடர்களும் ஒரு தனி நாடகமும் வெளிவந்தன. ஓய்வுகள் நீண்டமைக்குக் காரணங்கள் பலவாயிருத்தல் கூடும். நடிகர் முழுமனதோடு அவ்வேடத்துள் அடங்கியிருக்கவில்லை என்பதோடும் அவை பொருந்துவனவாகவே உள்ளன.

நமது வாசகருக்கு ஒரு விளக்கம் வேண்டும். இலங்கையில் எழுபதுகளில் அப்புக்காத்து, பிறக்கிறாசி என்னும் வேறுபாடு ஒழிக்கப்பட்டு எல்லோரும் சட்டத்தரணிகளாயினர். இங்கிலாந்தில் அவ்வேறுபாடு நிலைத்தது. றம்போல் நமது பழைய வழக்கிற் சொன்னால் ஓர் அப்புக்காத்து. ஆனால் இராணி அப்புக்காத்து ஆகாதவர், ஆகவும் விரும்பாதவர் போலக் காட்டிக்கொள்பவர். இளமையில் பெங் என்னுமிடத்துப் பங்களாக் கொலை வழக்கைத் தலைமை வழக்கறிஞரின்றித் தனியே வென்றதையே முதுமைவரை சொல்லிக்கொண்டிருப்பவர். அரசின் சட்ட உதவிப் பணத்தில் சில்லறைத் திருடருக்காக வாதாடுபவர். மலிந்த செந்நிற மது, ஆங்கிலக் கவிதைத் தொகுதியொன்றின் மனப்பாடம், கீழ்ப்படிந்தே ஆகவேண்டியவள் என்று தாம் பட்டஞ்சூட்டிய மனைவி ஹில்டா ஆகியன அவருடைய உலகு. எதிரி குற்றவாளியென நிறுவும் பாரம் வழக்குத்தொடுநரையே சார்ந்தது என்னும் கோட்பாடு அவருக்கு வேதம். 1935 ஆம் ஆண்டின் வுல்மிங்ரன் வழக்கிற் சாங்கி பிரபு அக்கோட்பாட்டை ஆங்கிலச் சட்டத்தினூடு ஓடும் பொன்னிழையாக உருவகித்தார். அவ்வுருவகம் றம்போலின் வாயில் ஓயாது வரும்.

முதல் நாடகத்தின் வழக்கு, கறுப்பின இளைஞன் ஒருவனிடமிருந்து பொலிஸார் பெற்றதாகச் சொல்லும் குற்ற ஒப்புதல் வாக்குமூலம் பற்றியது. 1979 ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அத்தகைய வாக்குமூலங்களால் மட்டுமே மனிதர் தண்டிக்கப்பட்டதை அறிந்த வாசகருக்கு அச்சொல்லின் கனத்தை நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. நாடகத்தில் அவ்வாக்குமூலத்தை றம்போல் நகைச்சுவையாலேயே தகர்க்கிறார். அந்நகைச்சுவையின் அடியில் மக்கேர்ண் வைத்திருக்கும் கோபத்தைக் காணாதவர் அந்நடிப்பிற் பாதியைக் காணாதவரே.

மோர்ட்டிமர் முதலில் மைக்கல் ஹோடேர்ன் என்னும் நடிகரையே மனத்திற் கொண்டிருந்தார். ஹோடேர்ன் நெடியவர்; தடுமாறும் பெருந்தன்மையை நடிப்பதில் வல்லவர். அவர் ஏற்றிருந்தால் றம்போல் ஓர் அன்பான, சற்றே மறதியான கிழவராகியிருப்பார் என ஊகிக்கலாம். மக்கேர்ண் அவரை ஒரு வீதிச் சண்டைக்காரனாக்கினார். நீதிமன்றில் எழும்போது முதலில் வயிறு எழுகிறது; பின்னர் தோள்; அதன்பின்னரே தலை. பழுப்பேறிய பொய்ம்முடி ஒருபுறம் சாய்ந்திருக்கும். சாட்சியிடம் முதற்சில கேள்விகளை உறக்கத்திலிருப்பவர் போன்ற மந்தக் குரலிற் கேட்பார். சாட்சி அயர்ந்த கணத்திற் குரல் உயரும். அதனினும் முக்கியமானது அவரது முணுமுணுப்பு. புளிங்கம் நீதிபதி (நடித்தவர் பில் பிறேசர்) ஏதேனும் அநியாயம் உரைத்ததும், றம்போல் மூக்குக்கண்ணாடியின் மேலாக நோக்கி, யூரிமாருக்குக் கேட்கவும் நீதிபதிக்குக் கேட்டும் கேளாமலும் இருக்கவும் ஏதோ சொல்வார். மூன்று தூரங்களை ஒரே மூச்சில் அளந்து பேசும் இவ்வித்தை மேடையிற் பழகாதவர்க்குக் கைகூடாது. ஒலிவாங்கியை அண்டிப் பேசப் பழகிய தலைமுறையினர் இதனை ஊன்றிக் கவனித்தல் நன்று.

கண்ணைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்கத் தொலைக்காட்சியில் கொலம்போ என்னும் துப்பறிவாளராகப் புகழ்பெற்ற பீற்றர் போல்க்கும் ஒற்றைக்கண்ணரே. மூன்று வயதில் வலக்கண்ணை இழந்தவர். அவர் அக்குறையைத் தம் பாத்திரத்தின் பேதைமைத் தோற்றத்துக்குத் துணையாக்கினார். மக்கேர்ண் அவ்வாறு செய்யவில்லை. கண்ணாடிக் கண் அசையாமையால், ஒருவரை நோக்கும்போது முழுத்தலையையும் அவர்பால் திருப்பவேண்டியிருந்தது. ஆதலால் றம்போல் யாரையும் கடைக்கண்ணாற் பார்ப்பதில்லை. பார்த்தால் முகம் முழுவதும் பார்க்கும். பொய்ச்சாட்சி சொல்லும் பொலிஸ்காரர் ஏன் நெளிகிறார் என்பதற்கு எழுத்துருவில் மட்டும் காரணம் தேடுதல் போதாது.

தொடரின் குறைகளையும் சொல்லவேண்டும். ஒவ்வோர் அத்தியாயமும் ஒரே வாய்பாட்டிற் செல்கிறது: ஒரு வழக்கு, வழக்கறிஞர் அலுவலகத்தில் ஒரு சிறு சூழ்ச்சி, வீட்டில் ஹில்டாவுடன் ஒரு பிணக்கு. எண்பதுகளின் இறுதியில் இவ்வாய்பாடு தேய்ந்துவிட்டது. பெண்களைப் பற்றிய நகைச்சுவை பலவிடத்துப் பழமையானது. பற்றீசியா ஹொட்ஜ் நடித்த பிலிடா திராண்ட் என்னும் பெண் வழக்கறிஞர் முதற்றொடரிற் பெற்ற ஆழம் ஹில்டாவுக்குத் தரப்படவில்லை; அப்பாத்திரத்தை மூன்று நடிகைகள் அடுத்தடுத்து ஏற்றும் அதன் வரம்புகளை மீற இயலவில்லை. டிம்சன் குடும்பத்தினர் பரம்பரைத் திருடர். அவர்கள் ஏன் திருடுகின்றனர் என்று தொடர் ஒருபோதும் கேட்பதில்லை. சட்டத்தின் அநீதியைத் தனியொருவரின் வாக்குச் சாதுரியம் வாரந்தோறும் நேர்செய்துவிடும் என்னும் மயக்கம் மத்தியதர வர்க்கத்துக்கு மிக இதமானது. இக்காரணத்தால் இத்தொடரை முற்றாக ஒதுக்கும் நண்பர்கள் நமக்கு உண்டு. அவர்கள் எழுத்துருவைப் பற்றிச் சொல்வதை ஏற்கிறோம். நடிப்பைப் பற்றிச் சொல்வதை ஏற்கோம். வழக்கு வென்ற மாலையில் மதுச்சாலையில் தனியே அமர்ந்திருக்கும் றம்போலின் முகத்தில் வெற்றி தெரிவதில்லை. எழுத்துரு மறைத்துவிடும் ஒரு செய்தியை, இவ்வெற்றியால் எதுவும் மாறவில்லை என்பதை, அம்முகம் சொல்லிக்கொண்டிருக்கிறது.

இங்கு 1983 ஆம் ஆண்டு முக்கியமாகிறது. அவ்வாண்டில் றம்போலின் மூன்றாந்தொடர் வந்தது. அதே ஆண்டில் கிறனடா தொலைக்காட்சி தயாரித்த ‘லியர் அரசன்’ ஒளிபரப்பாயிற்று. முதுமையும் நோயும் உற்றிருந்த லோரன்ஸ் ஒலிவியர் லியராக நடிக்க, மைக்கல் எலியற் நெறியாள்கை செய்தார். 1962 இல் ஓல்ட் விக்கில் மக்கேர்ணைப் பியர் கின்ற்றாக்கியவரும் இதே எலியற்றான். தாம் செய்தவற்றுள் மக்கேர்ண் மிக உயர்வாக மதித்த வேடம் பியர் கின்ற். அதனைத் தந்த நெறியாளர் இப்போது அவருக்குக் குளொஸ்ரர் பிரபுவின் வேடத்தைத் தந்தார். இரு கண்களும் பிடுங்கப்படும் முதியவரின் வேடத்தை, பதினைந்து வயதில் தொழிற்சாலையில் ஒரு கண்ணை இழந்த நடிகர் ஏற்றார்.

இதனைச் சொல்லும்போது மலிவான உணர்ச்சிக்கு இடங்கொடுத்துவிடக் கூடாது. நடிகரின் சொந்தத் துன்பம் நடிப்பின் தரத்துக்கு உத்தரவாதமாகாது. ஆயின், அவ்வளிக்கையைக் கண்டவர் ஒன்றை மறுக்கவியலாது. முற்பகுதிக் குளொஸ்ரர், றம்போலுக்கு மிக அண்மையிலுள்ள ஒருவர், சுகவாசி, தம் பிழைகளைப் பற்றிச் சிரித்துப் பேசுபவர், அரண்மனைச் சூழ்ச்சிகளைச் சற்றுச் சலிப்போடு நோக்குபவர். நமக்குப் பழக்கமான கன்னங்களும் பழக்கமான கனைப்பும். மக்கேர்ண் இவ்வொற்றுமையை ஒளிக்க முயலவில்லை. வாரந்தோறும் தங்கள் வீட்டுக்கு வந்த கிழவர் நாற்காலியிற் கட்டப்படுவதையே பார்வையாளர் பார்க்கின்றனர். கண்கள் போனபின் அவர் குரல் தாழ்ந்துவிடுகிறது. மேடைக் குளொஸ்ரர்கள் இவ்விடத்திற் புலம்புவது வழக்கம், இவர் புலம்பவில்லை. பழகாத இருட்டில் தளபாடம் எங்குள்ளது எனத் தேடுபவர் போன்ற ஒரு நிதானம் அவரிடம் உண்டு. பின்னர் டோவர் வெளியிற் பைத்தியங்கொண்ட லியரும் குருடராகிய குளொஸ்ரரும் சந்திக்கும் காட்சி. நாடகத்தின் மூலபாடத்தில் அவ்விடத்தில் லியர் குளொஸ்ரரைக் கண்ணாடிக் கண்கள் வாங்கிப் பொருத்திக்கொள்ளும்படி சொல்வதை மாணவர் அறிவர். நானூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அவ்விடத்தை வகுப்பிற் படிக்கும்போதெல்லாம் இந்நடிகர் நினைவுக்கு வருவதை எம்மால் தவிர்க்கமுடிவதில்லை.

ஒலிவியரே அவ்வளிக்கையின் நாயகர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அக்காட்சியிற் கேட்பவர் மக்கேர்ண். பேசுபவரை உயர்த்துவது கேட்பவர் என்பதைக் குணசித்திர நடிகர் அறிவார். நாயகர் எல்லோரும் அறிவார் என்று சொல்வதற்கில்லை.

குளொஸ்ரருக்கும் றம்போலுக்கும் இடையிலுள்ள இவ்வுறவு நமது வினாவுக்கு மீளக் கொண்டுவருகிறது. தம் கலை மாற்றத்தில் உள்ளது என்று நம்பிய நடிகர், மாறாமையைக் கோரும் ஒரு வடிவத்துட் சிறைப்பட்டதாக எண்ணினார். தொலைக்காட்சித் தொடரின் பொருளாதாரம் மாறாமையையே கோருகிறது: அதே முகம், அதே தொப்பி, அதே சொல்வழக்கு. பார்வையாளர் வாங்குவது பழக்கத்தை. இது மெய்யான ஒரு சிறையே. மக்கேர்ண் அதனைக் கற்பனை செய்யவில்லை. முதுமையில் அவரை மேடையச்சமும் பீடித்தது. தாம் எவ்வரங்கிற்கு உரியவர் என்று எண்ணினாரோ அவ்வரங்கில் நிற்கவே அஞ்சும் நிலையில், தாம் இழிவாகக் கருதிய பெட்டிக்குள்ளிருந்து கோடிக்கணக்கானோரின் அன்பைப் பெற்றுக்கொண்டிருந்தார். ‘சற்றே ஓய்வு’ என்னும் பொருள்படும் பெயரில் அவர் தம் நினைவுக்குறிப்புகளை வெளியிட்டதும் 1983 இலேயே. வேலையற்றிருக்கும் நடிகன் தன் நிலையை மறைத்துச் சொல்லும் தொழில்வழக்கு அது. புகழின் உச்சியிலிருந்தவர் அப்பெயரைத் தேர்ந்தமை கவனிக்கத்தக்கது.

ஆயினும் அவர் ஒன்றைக் காணத் தவறினார் என்றே கருதுகிறோம். மேடையில் ஒரு பாத்திரம் மூன்று மணிநேரம் வாழ்கிறது. றம்போல் 1975 முதல் 1992 வரை பதினேழு ஆண்டுகள் வாழ்ந்தார். முதல் நாடகத்தில் மக்கேர்ணுக்கு வயது 55. கடைசித் தொடரில் 72. அந்த முதுமை ஒப்பனையாலானதன்று. நடை குறுகுகிறது; எழுவதற்கு மேசையைப் பற்றும் கை தெரிகிறது; உரத்த குரல் வருமுன் ஒரு மூச்சுத் தேவைப்படுகிறது. எழுத்துருவின் வாய்பாடு மாறாதிருக்க, அதனுள் ஓர் உடல் மாறிக்கொண்டேயிருந்தது. மாற்றமே நடிப்பென்றால் இதுவும் மாற்றமே. ஓல்ட் விக் கற்பித்த விரைவான மாற்றம் இதுவன்று. அதனாற்போலும் அவர் இதனைக் கணக்கிற் சேர்க்கவில்லை.

எதிர்வாதமும் உண்டு. அவர் உயர்வாக மதித்த பியர் கின்ற் நமக்குக் காணக் கிடைப்பதில்லை. அதைக் காணாத நாம் றம்போலே மேல் என்பது, எஞ்சியிருப்பதையே சிறந்ததென்று கொள்ளும் சோம்பலாகலாம். பதிவானதே வரலாறு என்றால் மேடைக்கலை முழுவதும் வரலாற்றுக்குப் புறம்பாகிவிடும். இவ்விடத்தில் நமது தீர்ப்பு உறுதியற்றதென்பதை ஒப்புக்கொள்கிறோம். அவருடைய ஆற்றலின் வீச்சைக் காட்டப் பதிவில் எஞ்சியவை வேறு சிலவும் உள. கிறகம் கிறீனின் நாவலைத் தழுவிய தொலைக்காட்சிப் படத்தில் அலெக் கின்னஸுடன் கம்யூனிச மேயராக வந்தமை ஒன்று. டேவிட் வில்லியம்சனின் நாடகத்திலிருந்து உருவான ‘வடதிசைப் பயணம்’ (1987) மற்றொன்று. அதில் முதுமையில் காதலித்து வடக்கே குடிபெயரும் முன்னாள் இடதுசாரிப் பொறியியலாளராக நடித்து, அவுஸ்திரேலியத் திரைப்பட நிறுவனத்தின் சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். பொறியியல் பழகச் சென்று கண்ணிழந்த இளைஞன், ஐம்பதாண்டின் பின் பிறந்த நாட்டில் ஒரு பொறியியலாளராக நடித்துப் பாராட்டுப்பெற்றான். அப்பிடிவாதக்காரக் கிழவரில் றம்போலின் கவர்ச்சி சிறிதும் இல்லை. தம்மை நேசிப்பவரையே வருத்தும் ஒருவரை, பார்வையாளரின் அன்பைக் கோராமல், அவர் காட்டியுள்ளார். றம்போலை மட்டும் அறிந்தோர் இப்படத்தைக் காண்பாராயின் மனக்குறையின் நியாயம் ஓரளவு விளங்கும்.

மோர்ட்டிமர் 2007 வரை றம்போல் கதைகளை எழுதிக்கொண்டிருந்தார். வானொலியில் மொறிஸ் டென்ஹாம், ரிமோதி வெஸ்ற் ஆகியோர் அவ்வேடத்தை ஏற்றனர். மக்கேர்ணின் காலத்திலும், அவர் மறைந்த பின் மோர்ட்டிமர் வாழ்ந்திருந்த காலத்திலும், தொலைக்காட்சியில் வேறெவரும் அப்பொய்ம்முடியை அணியவில்லை.

1992 இல் ஒளிபரப்பான இறுதி அத்தியாயத்தின் பெயர் ‘விசாரணையில் றம்போல்’. நீதிபதி ஒருவரை மன்றிலே கடிந்து பேசியமைக்காக ஒழுக்காற்று மன்றின் முன் அவர் நிறுத்தப்படுகிறார். வாழ்நாளெல்லாம் பிறர்க்காகப் பேசியவர் இப்போது தாமே எதிரி. அதுவரை நாம் கண்டும் கேட்டும் பழகிய அவருடைய ஆயுதங்கள் அங்கு உதவா. மேசையின் மறுபுறம் அமர்ந்து, பிறர் தம்மைப் பற்றிப் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். இளமையில் பொதுமனிதனாக மேடையேறிய அந்நடிகருக்குக் கேட்பது எவ்வாறென்பது நன்கு தெரியும்.